நிலாவெளி மணலில் பந்தயக் குதிரை பழக்குவது

திருகோணமலையில் குதிரை பழக்குவதென்றால் வேலை விடிய நாலரைக்கே தொடங்கவேண்டும். கச்சான் என்னும் சூட்டுக்காற்று அடிக்கும் மாதங்களில் எட்டு மணிக்குப் பிறகு ஓட விடுவது பாவம்.

லாயத்துக்குள் போனதும் முதலில் தீன்தொட்டியைப் பாருங்கள். இரவு வைத்தது மிஞ்சிக் கிடந்தால் ஏதோ சரியில்லை. வெப்பமானி வையுங்கள், 38.5 பாகைக்கு மேலே போனால் அன்று ஓட்டமில்லை, மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். அப்புறம் முன்னங்கால்களை முழங்காலிலிருந்து கீழே தடவுங்கள். ஒரு கால் மற்றதைவிடச் சூடாகவோ வீங்கியோ இருந்தால் கை சொல்லிவிடும்.

எங்கள் பக்கத்துப் பெரிய தொல்லை மணல். காய்ந்த புல்லை நிலத்தில் போட்டால் குதிரை மணலையும் சேர்த்து விழுங்கும். அது குடலில் தங்கினால் வயிற்றுவலிதான். ஆகவே றப்பர் பாய் விரித்து அதன்மேல் போடுங்கள். சந்தேகமென்றால் லத்தியில் கொஞ்சம் எடுத்து வாளித் தண்ணீரில் கரைத்து, கால் மணித்தியாலம் விட்டு அடியைத் தடவிப் பாருங்கள். நறநறவென்றால் மணல்.

ஓடி வந்த குதிரைக்கு மூச்சு அடங்கும்வரை உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். "சூட்டோடு பச்சைத்தண்ணி ஊத்தாதே, பிடிச்சுக்கொள்ளும்" என்பார்கள் பெரியவர்கள், நான் கேட்பதில்லை. குடிக்கவும் கொடுங்கள். வியர்வையோடு உப்புப் போவதால் தீனில் கொஞ்சம் சேர்க்கவேண்டும். ஆனையிறவு உப்பே போதும்.

குளம்பைக் காலமையும் பின்னேரமும் தோண்டித் துப்பரவாக்குங்கள்.

சித்திரையில் நுவரெலியாப் பந்தயத்துக்கென்றால் முன்கூட்டியே போய்விடுங்கள், அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே, குதிரைக்கு உயரம் பழகவேண்டும். லொறியில் சாதுவான குதிரையை முதலில் ஏற்றினால் சண்டிக்குதிரையும் பின்னாலே ஏறும்.