வேர்ஹவுஸ் வேலை: ஸ்கேனரிலிருந்து ஸ்டாக் கணக்கு மேசை வரை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேர்ஹவுஸ்களுக்கு ஆள் எடுப்பது வருஷம் முழுக்க நடக்கிறது. பிக்கராகவோ (ஆர்டருக்கான பொருளை ரேக்கிலிருந்து எடுப்பவர்) பேக்கராகவோ சேரப் பன்னிரண்டாவது படித்திருந்தால் போதும். சிக்கல் அதற்குப் பிறகுதான். டிகிரியும் டிப்ளமோவும் முடித்து உள்ளே போகிறவர்களில் பலர், மூன்று வருஷம் கழித்தும் அதே ஸ்கேனரோடு அதே ரேக்குகளுக்கு நடுவே நடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்த ஒருவர் அதற்குள் ஸ்டாக் கணக்கு மேசையில் இன்வென்ட்டரி எக்ஸிக்யூட்டிவ் ஆகியிருப்பார். உழைப்பில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சிஸ்டத்தில் 480, ரேக்கில் 468 என்று வந்தால், அந்தப் 12 எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்க ஒருவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளும் வழியையும், அதற்கு முன் வேலையில் ஏமாறாமல் சேரும் வழியையும் பார்ப்போம்.

இந்த ஸ்டாக் கணக்கு மேசைக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்கு ஒரு காரணம் 2017 ஜூலை 1-இல் வந்த ஜி.எஸ்.டி. அதற்கு முன் மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி உண்டு. அதைத் தவிர்க்க நிறுவனங்கள் மாநிலத்துக்கு ஒரு சின்ன குடோன் வைத்திருந்தன; ஒரு ஸ்டோர் கீப்பரும் ஒரு லெட்ஜரும் அதற்குப் போதும். வரிக் காரணம் போனதும் சின்ன குடோன்கள் பலவற்றை இணைத்துப் பெரிய கிடங்குகளாகக் கட்டத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான பின்களும் (ரேக்கில் எண்ணிட்ட சிறு இடங்கள்) மூன்று ஷிஃப்டுகளும் ஓடும் இடத்தில் எந்தப் பொருள் எங்கே என்பதை ஒருவர் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. சிஸ்டம் சொல்வதும் ரேக்கில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். அதைக் காப்பதே தனி வேலையாகிவிட்டது.

எங்கே சேர்வது

எல்லாக் கிடங்கும் ஒரே பாடத்தைச் சொல்லித் தராது. இ-காமர்ஸ் கிடங்கில் உடனே இடம் கிடைக்கும். ஆயுத பூஜை, தீபாவளி விற்பனைக்கு முன்னால் கூட்டமாக ஆள் எடுப்பார்கள். ஆனால் அந்த இடங்களில் பல, சீசன் முடிந்ததும் முடிந்துவிடும். வேலையும் சிறு துண்டுகளாகப் பிரிந்திருக்கும் என்பதால் பிக்கிங்கில் இருப்பவருக்கு இன்வர்ட் (சரக்கு உள்ளே வரும்) பக்கம் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் போகும். ஒரகடம் பக்கத்து வாகன உதிரிபாகக் கிடங்குகளில் ஒரு பாகம் தவறினால் தொழிற்சாலையின் லைனே நிற்கும். அதனால் கணக்கு கறாராக இருக்கும், திட்டும் அதிகம் விழும், படிப்பும் அதிகம். மருந்துக் கிடங்கில் 2 முதல் 8 டிகிரி குளிர் அறை, பேட்ச் எண், காலாவதி தேதி என்று ஒழுங்கு இன்னும் கூடும். முதலில் காலாவதி ஆவதே முதலில் வெளியே போக வேண்டும். கற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் உதிரிபாகமோ மருந்தோ தேர்ந்தெடுங்கள். ஆரம்பச் சம்பளம் ஐந்நூறு, ஆயிரம் குறைந்தாலும் பரவாயில்லை. ஏற்றுமதி இறக்குமதி ஆவணங்களில் ஆர்வம் இருந்தால் மணலி, மாதவரம் பக்கத்து கன்டெய்னர் நிலையங்களை விசாரியுங்கள். அது வேறு பாதை.

கையெழுத்துக்கு முன்

முதல் கேள்வி: நான் யாருடைய ரோலில், அதாவது யாருடைய சம்பளப் பட்டியலில், இருக்கிறேன்? கிடங்கு நடப்பது ஒரு கம்பெனி பெயரில், சம்பளம் போடுவது கான்ட்ராக்டர் என்பது இங்கே சாதாரணம். அதில் தவறில்லை. ஆனால் கான்ட்ராக்டரின் பெயர், வேலையின் பெயர், சம்பளப் பிரிவுகள், வார விடுமுறை எல்லாம் எழுத்தில் வர வேண்டும். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் 'நாளைக்கு வா' என்று வரும் செய்தி நியமனக் கடிதம் ஆகாது.

அடுத்தது சம்பளம். சி.டி.சி., அதாவது உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, என்று சொல்லும் தொகை முழுவதும் கைக்கு வராது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய், வேறு படி எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,800. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், ரூபாய்க்கு முழுமையாக்கினால் 113. கைக்கு வருவது 13,087. கம்பெனி தன் பங்குக்கு பி.எஃப்., காப்பீடு, நிர்வாகக் கட்டணம் என 1,950-உம் இ.எஸ்.ஐ. 3.25 சதவீதமாக 488-உம் கட்டும். ஆக 17,438 ரூபாய் வேலை என்று போனில் சொல்லப்பட்டதற்கும் வங்கிக் கணக்கில் விழுவதற்கும் நடுவே 4,351 ரூபாய் இடைவெளி. போனஸ், கேன்டீன், பஸ் ஆகியவற்றையும் சி.டி.சி.யில் சேர்த்தால் இடைவெளி இன்னும் பெருகும். 'டேக் ஹோம் எவ்வளவு, ஓ.டி. (ஓவர்டைம்) இல்லாமல்?' என்று கேளுங்கள். ஓ.டி.யைச் சேர்த்துச் சொல்லும் சம்பளம், சீசன் முடிந்ததும் சுருங்கிவிடும். ஓ.டி.க்கு இரட்டிப்பு ஊதியம் என்பது சட்டம். ஒற்றைக் கணக்கில் தந்தால் பேஸ்லிப்பைக் காட்டிக் கேளுங்கள்.

வேலைக்குச் சேர யாருக்கும் பணம் தராதீர்கள். யூனிஃபார்ம் டெபாசிட், பயிற்சிக் கட்டணம், ஐ.டி. கார்டு செலவு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழையும் ஒப்படைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், நகல் தரலாம்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய ஒரு தொல்லை இன்ஷியல். ஆதாரில் 'எஸ். முருகன்', மார்க் ஷீட்டில் 'முருகன் எஸ்', வங்கியில் 'முருகன் செல்வம்' என்று இருந்தால் பி.எஃப். கணக்கில் கே.ஒய்.சி. தடைப்படும். பணம் எடுக்கும்போதும் வேறு கம்பெனிக்கு மாற்றும்போதும் அது வெடிக்கும். சேர்வதற்கு முன்பே ஆதார், பான், வங்கி மூன்றையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவாருங்கள். ஏற்கெனவே யு.ஏ.என். எண் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) இருந்தால் அதையே கொடுங்கள். இரண்டாவது எண் உருவாகிவிட்டால் இணைப்பது அலைச்சல். இரண்டாவது மாத முடிவில் உமங் செயலியில் பாஸ்புக்கைப் பாருங்கள். பேஸ்லிப்பில் பிடித்த பணம் அங்கே இல்லையென்றால், அப்போதே கேளுங்கள்.

எக்செல் தேர்வு

மேசை வேலைக்கு நேர்முகத்தில் பெரும்பாலும் ஒரு எக்செல் தாளைத் திறந்து கொடுப்பார்கள். வி-லுக்அப், சம்-இஃப்ஸ், பிவட் டேபிள் மூன்றும் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதியில்தான் பலர் விழுகிறார்கள்.

பாக எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யங்களை எக்செல் விழுங்கிவிடும். 00457 என்பது 457 ஆகும். 13 இலக்கப் பார்கோடு, 890-இல் தொடங்கும் இந்திய எண்கள் உட்பட, 8.9இ+12 என்று உருமாறித் தெரியும். பேலட் (சரக்கை அடுக்கும் பலகை) லேபிளில் வரும் 18 இலக்க எண்ணை எண்ணாக ஒட்டினால் 15 இலக்கத்துக்குப் பிறகுள்ளவை பூஜ்யமாகிவிடும், திரும்ப மீட்க முடியாது. ஆகவே ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றுங்கள். பொருள் கண்ணெதிரே இருந்தும் வி-லுக்அப் என்.ஏ. காட்டினால், ஒரு பக்கம் எண், மறுபக்கம் டெக்ஸ்ட். அல்லது கடைசியில் ஒட்டிக்கொண்ட ஒரு வெற்றிடம். டிரிம் போட்டுப் பாருங்கள். சூத்திரத்தின் கடைசியில் ஃபால்ஸ் போட மறந்தால் பிழையே காட்டாமல் தப்பான விடை வரும். அது என்.ஏ.வை விட ஆபத்து.

பழகுவதற்குப் பெரிய தரவு வேண்டாம். பக்கத்து மளிகைக் கடையின் 30 பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப இருப்பு, வரவு, விற்பனை, மீதி என்று இரண்டு வாரம் எழுதி, கடைசியில் எண்ணிப் பாருங்கள். கணக்கு ஒத்துவராது. ஏன் என்று தேடுவதே பயிற்சி.

எஸ்.ஏ.பி. (பெரிய கம்பெனிகளின் கணக்கு மென்பொருள்) படிப்புக்கு லட்ச ரூபாய் கட்டச் சொல்கிறவர்களிடம் இந்தக் கட்டத்தில் போக வேண்டியதில்லை. அதன் திரைகளான மிகோவில் சரக்கு வரவு பதிவது, எம்.பி.52-இல் இருப்புப் பட்டியல் எடுப்பது, எம்.ஐ.04-இல் எண்ணிக்கை ஏற்றுவது போன்றவற்றை உள்ளே போன பின் ஒரு மாதத்தில் கற்கலாம். ஸ்வயம் தளத்தில் சப்ளை செயின் பாடங்கள் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம்.

தரையில் கற்க வேண்டியது

முதல் ஆறு மாதம் ஒரு பொருளின் முழுப் பயணத்தைப் பின்தொடருங்கள்: வண்டி கேட்டில் நுழைவது, சீல் எண் சரிபார்ப்பு, இறக்குவது, எண்ணுவது, ஜி.ஆர்.என். (சரக்கு வரவுப் பதிவு), புட்-அவே (ரேக்கில் வைப்பது), பிக்கிங், டிஸ்பேட்ச். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு பிழை பிறக்கும். அவசரத்தில் இன்வாய்ஸைப் பார்த்தே ஜி.ஆர்.என். போட்டுவிட்டுப் பிறகு எண்ணுவது மிக மோசமான பழக்கம். அனுப்பியவர் குறைத்து அனுப்பியிருந்தாலும் பழி உங்கள் கிடங்கின்மேல் விழும். பின்னை ஸ்கேன் செய்யாமல் காலியாக இருந்த இடத்தில் பேலட்டை வைத்துவிட்டுப் போவது அடுத்தது.

வித்தியாசம் வந்தால் எண்ணே பாதி சொல்லிவிடும். அந்த 12-க்கே வருவோம். ஒரு பெட்டியில் 12 அடங்கும் பொருள் என்றால் ஒரு பெட்டி விடுபட்டிருக்கிறது, அல்லது பெட்டிக் கணக்கும் தனிக் கணக்கும் குழம்பியிருக்கிறது. வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் 63-ஐ 36 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. இங்கே 12 குறைந்து, ஒத்த தோற்றமுள்ள வேறு பாகத்தில் 12 கூடியிருந்தால் மாற்றி எடுத்திருக்கிறார்கள். வலது கண்ணாடி, இடது கண்ணாடி போன்றவற்றில் இது வாராவாரம் நடக்கும். ஒரு முழு பேலட்டே காணோமென்றால் பக்கத்து பின், மேல் தட்டு, கீழ்த் தட்டு என்று முதலில் பாருங்கள். பிறகு டிஸ்பேட்ச் தளம், ரிட்டர்ன் கூண்டு, தரச் சோதனைக்கு நிறுத்திய இடம். அங்கேயும் இல்லையென்றால் சிஸ்டத்தில் அந்தப் பொருளின் கடைசிப் பத்து நகர்வுகளைத் திறந்து ஆவணத்தோடு ஒப்பிடுங்கள்.

தேடி முடிப்பதற்குள் சிஸ்டத்தில் குறைத்து 'சரிசெய்து' விடாதீர்கள். அடுத்த மாதம் பொருள் வெளிப்பட்டு, கூடுதல் என்று நிற்கும். இரண்டு பொய் எண்ணிக்கைகள் பதிவில் இருக்கும், காரணம் எதற்கும் இருக்காது.

எண்ணும்போது எண்ணுகிறவருக்கு சிஸ்டம் எண்ணிக்கையைக் காட்டக் கூடாது. காட்டினால் கண் அதையே தேடும். எண்ணி முடியும்வரை அந்த பின்னில் எடுப்பதும் வைப்பதும் நிற்க வேண்டும். விலை அதிகமுள்ள ஏ வகைப் பொருள்களை மாதம் ஒருமுறை, பி வகையை மூன்று மாதத்துக்கு, சி வகையை அரையாண்டுக்கு ஒருமுறை எண்ணுவது நடைமுறைக்கு ஏற்ற அளவு. 200 பின்கள் எண்ணி 194 ஒத்திருந்தால் துல்லியம் 97 சதவீதம். இதை பின் கணக்கில் சொல்லுங்கள். ரூபாய்க் கணக்கில் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எல்லாம் சரி என்று காட்டிவிடும்.

டிஸ்பேட்ச் மேசைக்குப் போனால் இ-வே பில் (சரக்கு வண்டிக்கான ஜி.எஸ்.டி. ஆவணம்) பற்றிய விதிகள் கைவசம் இருக்க வேண்டும். அதன் செல்லுபடி 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 630 கிலோமீட்டருக்கு நான்கு நாள். வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றினால் பி பகுதியில் புது வண்டி எண்ணைப் பதிய வேண்டும். காலாவதிக்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள்தான் நீட்டிக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு டிரைவர் போன் செய்யும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

இடம் மாறும்போது

கற்றதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவாருங்கள்: என்ன வித்தியாசம், என்ன காரணம், எப்படிக் கண்டுபிடித்தீர்கள். ரெஸ்யூமேவில் 'கடின உழைப்பாளி' என்ற வரிக்குப் பதில், ஒரு ஷிஃப்டில் எத்தனை லைன் (ஆர்டரில் ஒரு பொருளுக்கான வரி) எடுத்தீர்கள், எத்தனை பின் எண்ணினீர்கள், எந்த சிஸ்டத்தில் எந்தத் திரையில் வேலை செய்தீர்கள் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். வாடிக்கையாளரின் பெயர், விலை, இருப்பு விவரங்களை அதில் சேர்க்காதீர்கள். உள்ளேயே மேசை இடம் காலியானால் அந்த நோட்டோடு சூப்பர்வைசரைப் பாருங்கள். ஒன்றரை, இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு வாய்ப்பும் வரவில்லையென்றால் வெளியே தேடத் தொடங்கலாம்.

விலகும்போது சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். நோட்டீஸ் கொடுத்து, அனுபவச் சான்றும் கடைசி மூன்று பேஸ்லிப்பும் வாங்குங்கள். பி.எஃப். கணக்கில் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கான்ட்ராக்டர் பதியாவிட்டால், கடைசித் தொகை கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து பி.எஃப். உறுப்பினர் தளத்தில் நீங்களே அதைப் பதியலாம்.