உடலின் மின்சைகைகளுக்கு மாதிரி வீதத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் தமிழ்வழியில் படித்துப் பொறியியலுக்கு வரும் மாணவர்கள், இசிஜி கருவி ஒன்றைச் செய்ய முனையும்போது, நொடிக்கு எத்தனை மாதிரிகள் (சைகையின் அளவீடுகள்) எடுப்பது என்று கேட்பதுண்டு. சைகையில் எதைக் காக்கப் போகிறோம் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

துடிப்பை எண்ணுவது மட்டுமே நோக்கமென்றால் 125 மாதிரிகள் போதும். மருத்துவர் அலையின் வடிவத்தைப் படிக்க வேண்டுமானால் 150 ஹெர்ட்ஸ் வரையிலான கூறுகள் தேவை. அதற்கு 500 பரவலாக ஏற்கப்பட்ட அளவு. குழந்தைகளுக்கு 250 ஹெர்ட்ஸ் வரை காக்க வேண்டியிருப்பதால் 1000 நல்லது. தோல்மேல் எடுக்கும் தசைச் சைகை ஏறத்தாழ 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை பரவுவதால் 2000 எடுங்கள். வழக்கமான மூளை அலைப் பதிவுக்கு 256 அல்லது 512 போதும்.

காக்க வேண்டிய உச்ச அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கு மேல் எடுத்தால் போதும் என்பது ஏட்டளவில் சரி. ஆனால் அதற்கு மேலுள்ள அதிர்வெண்களை நீக்க வைக்கும் எந்த வடிகட்டியும் ஓரிடத்தில் சுவர்போல் வெட்டுவதில்லை. 150 ஹெர்ட்ஸில் அமைத்த, ஒரே மின்தடையும் ஒரே மின்தேக்கியும் கொண்ட வடிகட்டி, 350 ஹெர்ட்ஸ் இரைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கை உள்ளே விட்டுவிடும். 500 மாதிரி வீதத்தில் அது மடங்கி, அதாவது 500-லிருந்து 350 கழிந்து, 150 ஹெர்ட்ஸாகப் பொய்யாகத் தோன்றும். வீதத்தை 1000 ஆக்கினால் அதே இடத்தில் மடங்குவது 850 ஹெர்ட்ஸ். அதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் நுழையும். இப்படி மடங்கி வந்ததை எந்த மென்பொருளாலும் பின்னர் பிரித்தெடுக்க முடியாது என்பதால், வடிகட்டி எண்மமாக்கலுக்கு (சைகையை எண்களாக மாற்றுவதற்கு) முன்பே இருந்தாக வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

தமிழக-கேரள எல்லையான வாளையாற்றுக்கு இப்பாலும் அப்பாலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான்; மோட்டார்களும் விளக்குகளும் 150 ஹெர்ட்ஸ் கூறையும் சேர்த்துவிடுகின்றன. 125 மாதிரி வீதத்தில் அக்கூறு 25 ஹெர்ட்ஸாக மடங்கி இதய அலையின் நடுவிலேயே அமர்ந்துகொள்ளும். 50 ஹெர்ட்ஸை மட்டும் நீக்கும் வடிகட்டி அதைத் தொடாது.

மாதிரிகளுக்கிடையே கால இடைவெளி சீராக இருப்பதும் முக்கியம். நிரலில் சிறிது நேரம் காத்திருக்கச் செய்யும் டிலே கட்டளையை நம்பாமல், சரியான இடைவெளியில் தானே நிரலை அழைக்கும் டைமர் இன்டரப்ட்டைப் பயன்படுத்துங்கள். ஆர்டுயினோ என்னும் சிறு கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில், ஒரு பைட்டுக்குப் பத்து பிட் வீதம், நொடிக்கு 960 பைட்டுகளே செல்லும். மூன்று இலக்க எண்ணும் வரிமுடிவும் சேர்ந்து ஐந்து பைட்டுகள் ஆவதால், 192 மாதிரிகளுக்கு மேல் அனுப்ப இயலாது. 115200 பாட் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்வாய்களை உடலில் ஒட்டும்போது, கருவியும் மடிக்கணினியும் பேட்டரியில் மட்டுமே இயங்க வேண்டும், சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். அதற்கும் முன்பாக, சைகை ஆக்கியிலிருந்து 520 ஹெர்ட்ஸ் அலையைக் கருவிக்குக் கொடுத்து 500 மாதிரி வீதத்தில் பதிந்து பாருங்கள். திரையில் 20 ஹெர்ட்ஸ் அலை தெளிவாகத் தெரிந்தால், வடிகட்டியின் படிநிலையை (எவ்வளவு செங்குத்தாக வெட்டும் என்பதைத் தீர்மானிப்பது) கூட்டுங்கள், அல்லது வீதத்தை உயர்த்துங்கள்.