டீசல் லாரி சூடாகிறதா? ரேடியேட்டரைக் கழற்றும் முன் படியுங்கள்

நடுத்தர ரக டீசல் லாரி மேடேறும்போது வெப்பமுள் சிவப்பைத் தொட்டால், முதல் பழி ரேடியேட்டர் மீதுதான் விழும். முன்னால் நிற்பவனுக்குத்தானே அடி! நானும் ஒருமுறை புது ரேடியேட்டரை மாட்டி முடித்த பிறகுதான், பழைய மூடி அழுத்தம் தாங்காமல் போயிருந்ததைக் கண்டுபிடித்தேன். அதனால் இந்தச் செய்முறை ஸ்பேனரில் தொடங்காமல் சோதனையில் தொடங்குகிறது.

படி 1: ஆற விடுங்கள்

பாதி தண்ணீரும் பாதி எத்திலீன் கிளைக்காலும் கலந்த கூலன்ட், திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஒரு பார் அழுத்தம் தாங்கும் மூடிக்குள் 125 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும். சூட்டோடு மூடியைத் திருகினால் அழுத்தம் நொடியில் போய், உள்ளே இருப்பது பொங்கி முகத்தில் பாயும். மேல் ஹோஸைக் கையால் அமுக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும். சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். கேபினைச் சாய்த்தால் அதன் தாங்கு தண்டைப் பூட்டிவிட்டே அடியில் தலையை விடுங்கள்.

படி 2: குற்றவாளியைத் தேடுங்கள்

காசு செலவில்லாத சோதனை முதலில். இன்டர்கூலருக்கும் (டர்போவிலிருந்து இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிர்விப்பது) ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் பளபளக்கும் ரேடியேட்டரின் முகத்தில் மண்ணும் பூச்சியும் அப்பிக் கிடப்பது அங்கேதான் தெரியும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும்.

அடுத்து, மூடியின் இடத்தில் பிரஷர் டெஸ்டரை (அழுத்தமானி பொருத்திய கைப்பம்பு) மாட்டி, மூடியில் எழுதியுள்ள அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள். மூடியையும் தனியாகச் சோதியுங்கள். முள் இறங்குகிறது, வெளியே சொட்டுக்கூட இல்லை என்றால் ஆயில் கம்பியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தாலோ, இன்ஜின் ஓடும்போது கூலன்டில் குமிழிகள் ஓயாமல் வந்தாலோ, ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போன்ற உள்கோளாறாக இருக்கலாம். அது தொடக்கநிலையினருக்கான வேலை அல்ல.

விஸ்கஸ் ஃபேனை (சூட்டுக்கு ஏற்ப எண்ணெய்க் கிளட்ச் வழியே சுழலும் விசிறி), இன்ஜின் நின்று ஆறிய நிலையில் கையால் சுற்றிவிடுங்கள். தடையே இல்லாமல் பல சுற்று சுழன்றால் கிளட்ச்சுக்குள் இருக்கும் சிலிகான் எண்ணெய் போய்விட்டது என்று சந்தேகிக்கலாம்.

தெர்மோஸ்டாட்டை (கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) கழற்றி, பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 82 என்று முத்திரை இருந்தால் அந்த வெப்பத்தை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். ‘அதை எடுத்து எறிந்துவிட்டால் வண்டி சூடே ஆகாது’ என்று அறிவுரை சொல்பவர்களை நம்பாதீர்கள். பல டீசல் இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை (ரேடியேட்டரைத் தொடாமல் இன்ஜினுக்கே திரும்பும் பாதை) மூடும். அது இல்லாவிட்டால் சூடான கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

படி 3: சரியான பாகம்

லாரியின் பெயரை மட்டும் சொல்லிப் பாகம் வாங்காதீர்கள். ஒரே மாடலில் வேறு வேறு இன்ஜின்கள் வருவதுண்டு. இன்ஜின் எண்ணையும் பழைய பாகத்தின் எண்ணையும் எடுத்துச் செல்லுங்கள். வாட்டர் பம்பில் இம்பெல்லரின் (கூலன்டைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்) சாய்வைப் பழையதோடு ஒப்பிடுங்கள். பெல்ட் அமைப்பைப் பொறுத்துப் பம்ப் சுழலும் திசை மாறும். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் தவறான பம்ப் தண்ணீரைச் சரியாகத் தள்ளாது. தூசி நிறைந்த சாலைகளில் ஓடும் வண்டிக்கு மிக நெருக்கமான தகடுகள் கொண்ட ரேடியேட்டர் வேண்டாம் என்பது என் கருத்து. அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கீழ் ஹோஸுக்குள் சுருள்கம்பி இருந்தால் புதியதிலும் அது இருக்கட்டும். பம்பின் உறிஞ்சலில் ஹோஸ் ஒட்டிப்போகாமல் காப்பது அதுதான்.

கூலன்டை நிறம் பார்த்து வாங்குவது இந்த வேலையில் நடக்கும் பெரிய பிழை. நிறம் வெறும் சாயம். கையேடு சொல்லும் தர எண்தான் கணக்கு. ஈர லைனர் (வெளிச்சுவரை நேரடியாகக் கூலன்ட் தொடும் சிலிண்டர் உறை) கொண்ட டீசல் இன்ஜினில் இது உயிர்நாடி. ஒவ்வொரு எரிதலிலும் லைனர் அதிர்கிறது. அதன் வெளிச்சுவரில் நுண்ணிய ஆவிக்குமிழிகள் தோன்றி உடைகின்றன. உடையும் ஒவ்வொரு குமிழியும் உலோகத்தைக் கொத்துகிறது. காலப்போக்கில் ஊசித்துளை விழுந்து கூலன்ட் ஆயிலில் கலக்கும். டீசலுக்கான கூலன்டில் உள்ள சேர்க்கைப் பொருள்கள் லைனர் மீது படலம் போட்டு இதைத் தடுக்கின்றன. குழாய்த் தண்ணீரில் உப்புப் படியும்; காய்ச்சி வடித்த நீரைச் (டிஸ்டில்ட் வாட்டர்) சேருங்கள், அல்லது கலந்தே வருவதை வாங்குங்கள்.

படி 4: கழற்றி மாட்டுதல்

பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட்டு, கூலன்டை மூடியுள்ள பாத்திரத்தில் வடியுங்கள். அது இனிக்கும் நஞ்சு. நாய் பூனை நக்கினால் செத்துப்போகும். ஒட்டிக்கொண்ட பழைய ஹோஸை இழுக்காமல் கத்தியால் நீளவாக்கில் கீறி உரியுங்கள். இழுத்தால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து முறியும். கேஸ்கெட் முகத்தைச் சுரண்டித் துடையுங்கள். கையேடு கேட்காத இடத்தில் சிலிகான் பசை அப்ப வேண்டாம். பிதுங்கி உள்ளே விழும் துண்டுகள் குழாய்களை அடைக்கும். போல்ட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் (முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள்.

படி 5: காற்றை வெளியேற்றுதல்

ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றுத் திருகுகளைத் திறந்துவிட்டு, கூலன்டை மெதுவாக ஊற்றுங்கள். திருகு வழியே குமிழி நின்று கூலன்ட் மட்டும் வந்ததும் மூடுங்கள். பேட்டரியை இணைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை இன்ஜினை ஓட்டுங்கள். கீழ் ஹோஸ் சூடாவதே அதற்கு அடையாளம். நன்றாக ஆறிய பின் மட்டம் பார்த்து நிரப்புங்கள். சுமையோடு ஒரு நடை போய்வந்து, மறுநாள் காலை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டத்தை மீண்டும் பாருங்கள். அப்போதே கிளாம்புகளையும், பம்பின் அடியில் உள்ள கசிவுத் துளையையும் விரலால் தடவிப் பாருங்கள். புதுப் பம்பில் லேசான ஈரம் ஓரிரு நாளில் நின்றுவிடலாம். சொட்டினால் பம்பைத் திருப்பிக் கொடுங்கள்.