காலண்டர் தாளின் பின்பக்கம்

புதுச்சேரி காந்தி வீதியில் சண்டே மார்க்கெட்டுக்குப் போய் வெறுங்கையோடு திரும்புவது எவ்வளவு கஷ்டம் என்று போனவர்களுக்குத் தெரியும். நான் ஒரு சின்ன வழி வைத்திருக்கிறேன். தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளைத் தூக்கிப் போடுவதில்லை. ஏதாவது வாங்க ஆசை வந்தால் அதன் பின்பக்கம் மூன்று வரி எழுதுவேன்: என்ன பொருள், என்ன விலை, அப்புறம் அதை யாரிடம் பார்த்தேன். எழுதிக் காலண்டர் ஆணியிலேயே குத்திவிட்டால், அடுத்த ஞாயிறு வரை தொடக்கூடாது.

அந்த மூன்றாவது வரிதான் வேலை செய்கிறது. போன மாதம் 'ஏர் ஃபிரையர்' என்று எழுதி, கீழே 'மாடி வீட்டு அக்கா' என்று எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் வறுவல் சாப்பிட ஆளே இல்லை! ஒரு வாரம் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கிவிடுவேன். குக்கர் அப்படி வந்ததுதான். சாமியார் ஆகச் சொல்லவில்லை.

பொருள் ஆசைக்கு இந்தத் தாள் போதும்; 'நான் யார் தெரியுமா' என்ற கர்வத்துக்கு மட்டும் அது போதாது. அதற்கு ஒருநாள் கடலூர்ப் பக்கம், வடலூருக்குப் போங்கள். வள்ளலார் 1867-இல் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பரிமாற ஆள் வேண்டுமா என்றும் கேட்டுப் பாருங்கள். சோற்று வாளியோடு நாலு வரிசை குனிந்து நிமிர்ந்தால், இடுப்பு ஒன்றுதான் நினைவில் இருக்கும்.