பாடசாலையில் சிறுநீர்ப் பரிசோதனை: புதிதாகத் தொடங்கும் ஆசிரியருக்கும் தொண்டருக்கும்

சிறுநீரகம் நோகாமலே பழுதாகும். அதன் வேலை பாதிக்கு மேல் குறைந்த பிறகும் பிள்ளை ஓடி விளையாடும், பாடசாலைக்கு வரும். பல வேளைகளில் முதலில் காட்டிக்கொடுப்பது சிறுநீரில் கசியும் புரதமும் கண்ணுக்குத் தெரியாத இரத்தமும்தான். இரண்டையும், சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறும் ஒரு சோதனைப் பட்டியால் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

ஜப்பான் 1974 முதல் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் இதைச் செய்து வருகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமோ எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தேவையில்லை என்று 2007இல் தன் பரிந்துரையை விலக்கிக்கொண்டது. நோயில்லாத பிள்ளைகளை வீணாக அலையவைப்பதுதான் மிச்சம் என்பது அவர்கள் வாதம். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. என் கட்சி இதுதான்: மறுபரிசோதனைக்கும் கிளினிக்குக்கும் வழி செய்யாமல் முதல் பட்டியை நனைக்கவே கூடாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள நம் படுவான்கரையில் "கிட்னி வருத்தம்" என்றாலே 1990களில் அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் விவசாயிகளிடம் தெரியவந்த, காரணம் இன்றுவரை உறுதியாகாத நோய்தான் பெற்றோரின் நினைவுக்கு வருகிறது. அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டியவிலும் அந்த நோயாளர் இருப்பதால் பயம் இயல்பு. ஆனால் அது பெரும்பாலும் வளர்ந்தவர்களைத் தாக்குவது. சிறுநீரக நுண்குழாய்ப் பகுதியில் தொடங்குவதால் ஆரம்பத்தில் புரதம் அதிகம் கசியாது. பட்டி மாறவில்லை என்பதற்காக "உங்கள் பிள்ளைக்கு அந்த நோய் வராது" என்று எந்தத் தாய்க்கும் உறுதி கொடுக்காதீர்கள். பிள்ளைகளிடம் நாம் தேடுவது வேறு: பிறவிக் குறைபாடுகள், சிறுநீர்த் தொற்று, புரதம் பெருமளவு கசிந்து உடல் வீங்கும் நெப்ரோடிக் நோய், தொண்டை நோவுக்கோ சிரங்குக்கோ பின் வரும் சிறுநீரக அழற்சி.

முதல் படி: அனுமதியும் ஒரு கடிதமும்

தனியாகத் தொடங்க வேண்டாம். அதிபருடன் பேசி, உங்கள் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு எப்படியும் வருவார். 1, 4, 7, 10ஆம் தரங்களுக்கு நடக்கும் அந்தப் பரிசோதனையோடு இதையும் சேர்த்துக்கொள்வது எல்லோருக்கும் இலகு. மாறுதல் தெரியும் பிள்ளையை எந்த வைத்தியசாலை, எந்தக் கிழமை பார்க்கும் என்பதை அன்றே எழுதி வாங்குங்கள்.

பெற்றோருக்கான சம்மதக் கடிதத்தின் அடியில் சில கேள்விகளைச் சேருங்கள். காலையில் முகமோ கண்ணிமையோ வீங்குகிறதா? சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனதுண்டா? படுக்கையில் நனைப்பதை நிறுத்திய பிள்ளை மறுபடி நனைக்கிறதா? சலக்கடுப்பு உண்டா? அண்மையில் சிரங்கு வந்ததா? குடும்பத்தில் யாருக்காவது இரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறதா? உண்மையில் பாதி வேலையை இந்தக் காகிதமே முடித்துவிடும்.

இரண்டாம் படி: பொருட்கள்

பட்டியில் புரதமும் இரத்தமும் கட்டாயம் இருக்க வேண்டும். வெள்ளணு, நைட்ரைட், குளுக்கோஸ் கட்டங்களும் இருந்தால் நல்லது. நம் வாவிக்கரை ஈரக்காற்று பட்டிக்குப் பெரிய எதிரி. ஒன்றை எடுத்ததும் போத்தலை மூடிவிடுங்கள், உள்ளே கிடக்கும் ஈரமுறிஞ்சியை வீசாதீர்கள், குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். சிக்கனம் பார்த்துப் பட்டியை நெடுக்காக இரண்டாக வெட்டுவதும் வேண்டாம். காலாவதித் திகதி முடிந்த போத்தல் இலவசமாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

சிறுநீருக்குப் புதிய, உலர்ந்த, மூடியுள்ள கிண்ணம் வேண்டும். வெளிற்றும் திரவத்தால் கழுவிய போத்தல் இல்லாத இரத்தத்தைக் காட்டும். கிருமிநாசினி ஒட்டியிருந்தால் இல்லாத புரதம் தெரியலாம்.

மூன்றாம் படி: காலைச் சிறுநீர்

பிள்ளை படுக்குமுன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். விடிந்து எழுந்தவுடன் முதலில் போவதைச் சற்று விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். ஏன் இத்தனை கண்டிப்பு? வளரிளம் பருவத்தில் சில பிள்ளைகளுக்கு நின்று நடமாடும்போது மட்டும் புரதம் கசியும். படுத்தெழுந்த சிறுநீரில் இருக்காது. அது நோயல்ல. பத்து மணிக்குப் பாடசாலையில் பிடித்த சிறுநீரை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையைக் களுவாஞ்சிக்குடிக்கும் மட்டக்களப்புக்கும் பஸ் ஏற்றுவது வீண்.

பிடித்து இரண்டு மணித்தியாலத்துக்குள் பார்த்துவிட வேண்டும். காய்ச்சல் உள்ள பிள்ளையைப் பின்போடுங்கள். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மறுநாள் இந்த வேலையே வேண்டாம். கடும் ஓட்டமும் புரதத்தையும் இரத்தத்தையும் வரவழைக்கும். மாதவிடாய் நாட்களில் உள்ள மாணவியர் பிறகு கொண்டுவரலாம். இதை ஓர் ஆசிரியை தனியே சொல்ல வேண்டும்.

நான்காம் படி: பட்டியை நனைத்தல்

வெளிச்சமுள்ள, ஆனால் நேர் வெயில் விழாத மேசை. மஞ்சள் மின்குமிழுக்கு அடியில் நிறம் பார்க்கக் கூடாது. கையுறை போட்டு, கிண்ணத்தை மெல்லச் சுழற்றி, பட்டியைக் கட்டங்கள் மூழ்க ஒரு விநாடி விட்டு எடுங்கள். கிண்ணத்தின் விளிம்பில் ஓரத்தை இழுத்து மிகுதியை வடியுங்கள். பட்டியைக் கிடையாகவே பிடிக்க வேண்டும். நிமிர்த்தினால் ஒரு கட்டத்தின் சாயம் அடுத்ததில் இறங்கிவிடும்.

இனி மணிக்கூட்டைப் பாருங்கள். புரதக் கட்டம் மஞ்சளில் தொடங்கும். 60 விநாடியில் மஞ்சளாகவே நின்றால் புரதம் இல்லை. வெளிர் பச்சை ஏறினால் 1+, அதாவது டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம். பச்சை தடித்தால் 2+, சுமார் 100. நீலப்பச்சைக்குப் போனால் 3+, சுமார் 300. இரத்தக் கட்டத்தில் பச்சைப் புள்ளிகள் தனித்தனியே பூத்தாலும் அதைக் குறியுங்கள். இரண்டு நிமிடத்துக்குப் பிறகு மாறும் நிறத்துக்குப் பொருளில்லை. ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுதுவதே சரி. ஒருவரே இரண்டையும் செய்தால் பத்தாவது கிண்ணத்தில் நிமிடக் கணக்கு தவறும்.

நெல்லிச்சாறோ விற்றமின் சி மாத்திரையோ எடுத்த பிள்ளைக்கு இரத்தம் இருந்தும் பட்டி காட்டாமல் போகலாம். பீற்றூட் தின்ற பிள்ளையின் சிறுநீர் சிவந்திருந்தும் பட்டி மாறாது. கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இரத்த அழுத்தமும் உயரமும்

இதைத் தாதி உத்தியோகத்தர் செய்யட்டும். பிள்ளை ஐந்து நிமிடம் அமைதியாக இருந்த பிறகு, வலக்கையில், கை இருதய மட்டத்தில் இருக்க அளக்க வேண்டும். சுற்றும் பட்டை சிறிதானால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். 13 வயதிலும் அதற்கு மேலும் 120/80 அல்லது அதற்கு மேலானால் மறுபடி பார்க்க வேண்டும். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வயது, பால், உயரம் சேர்ந்த அட்டவணை உண்டு.

உயரத்தைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். கிளினிக் கடிதத்தில் அது கட்டாயம் இருக்க வேண்டும். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வெளியேற்றும் ஒரு கழிவு. அது டெசிலீற்றருக்கு 1.0 மில்லிகிராம் என்று ஆய்வுகூட அறிக்கை வந்தால் பெரியவருக்கு அது சாதாரணம். 120 சென்ரிமீற்றர் உயரப் பிள்ளைக்கு அப்படியல்ல. சென்ரிமீற்றரில் உள்ள உயரத்தை 0.413ஆல் பெருக்கி கிரியாட்டினினால் வகுத்தால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் கிடைக்கும். இந்தப் பிள்ளைக்கு அது ஏறத்தாழ 50. இருக்க வேண்டியது 90க்கு மேல்.

ஆறாம் படி: மாறுதல் தெரிந்தால்

புரதம் சிறிதளவோ 1+ஓ, அல்லது இரத்தம் மட்டுமோ தெரிந்தால் ஓரிரு வாரத்தில் காலைச் சிறுநீரை மறுபடி பாருங்கள். அப்போதும் 1+ அல்லது மேல் என்றாலோ, இரத்தம் மறுபடி தெரிந்தாலோ கடிதம் கொடுத்துக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். அங்கே புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள். முதல் முறையே புரதம் 2+ அல்லது அதற்கு மேல் வந்தாலும், புரதமும் இரத்தமும் சேர்ந்து வந்தாலும் மறுபரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். வெள்ளணுவும் நைட்ரைட்டும் சேர்ந்தால் தொற்றாக இருக்கலாம். பாடசாலை மலசலகூடம் நாறுகிறதே என்று காலை முதல் இரண்டு மணி வரை அடக்கி வைத்திருக்கும் மாணவியரிடம் இது ஆச்சரியமில்லை. அதற்கு மருந்தோடு தண்ணீர் வரும் குழாயும் தாழ்ப்பாள் உள்ள கதவும் வேண்டும்.

சில பிள்ளைகளை அன்றே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். முகம் வீங்கிச் சிறுநீர் கறுத்துப் போகும் பிள்ளை, 3+ புரதத்தோடு வீங்கிய பிள்ளை, அழுத்தம் கூடித் தலையிடியும் வாந்தியும் உள்ள பிள்ளை, சிறுநீரில் குளுக்கோஸ் தெரியும் பிள்ளை: இவர்களுக்கு "நாளைக்குப் போங்கள்" என்பது இல்லை.

ஏழாம் படி: பெயரைக் காப்பது

கிண்ணத்தில் பெயர் எழுதாமல் இலக்கம் எழுதுங்கள். இலக்கத்துக்குரிய பெயர் வகுப்பு இடாப்பில் அல்ல, பூட்டிய அலுமாரியில் உள்ள கொப்பியில் இருக்கட்டும். ஊரில் ஒரு சொல் பரவினால் பெண்பிள்ளையின் கலியாணப் பேச்சு வரை அது பின்தொடரும். முடிவைத் தாயையோ தந்தையையோ நேரில் அழைத்துச் சொல்லுங்கள். "நோய் என்று சொல்லவில்லை அம்மா, இன்னொரு தரம் பார்க்க வேண்டும்" என்பது போதும்.

அனுப்பிய பிள்ளை போனதா என்று மாதம் ஒருமுறை அந்தக் கொப்பியைத் திறந்து பாருங்கள். வேளாண்மை வெட்டுக் காலத்தில் வயலை விட்டு வர முடியாத பெற்றோர் பலர். அவர்களுக்குக் கிளினிக் திகதியை மாற்றித் தரப் பரிசோதகரிடம் கேளுங்கள். வைத்தியரின் குறிப்பு கிளினிக் கொப்பியில் பதிவாகும் வரை அந்த இலக்கத்துக்கு நேரே கோடு போடக் கூடாது.