பிடித்த படம், ஆல்பம், புத்தகம்: உங்கள் கருத்தை எழுதுவது எப்படி?

"அருமை", "மனதைத் தொட்டது", "கட்டாயம் பார்க்க வேண்டும்". பிடித்த ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதலில் வாயில் வருபவை இவைதான். உணர்வு உண்மையானது. ஆனால் கேட்பவருக்கு இந்தச் சொற்களால் எதுவும் கிடைப்பதில்லை, ஏனென்றால் எந்தப் படத்துக்கும் எந்தப் பாட்டுக்கும் இவை பொருந்திவிடும். படைப்பின் ஓர் இடத்தை விரல் வைத்துக் காட்டும்போதுதான் கருத்துக்கு உயிர் வருகிறது. அதைப் பழகுவதற்கான வழியை, இதுவரை எதுவும் எழுதாதவர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

முதல் படி: ஒன்றை மட்டும் எடுங்கள்

"எனக்குப் பிடித்த பத்து" என்ற பட்டியல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிதான் கிடைக்கும், அதில் பாராட்டைத் தவிர வேறு எதற்கும் இடமிருக்காது. நீங்களாகவே மறுபடி தேடிப் போன ஒரு படைப்பை எடுங்கள். அதிகம் பேசப்படாததாக இருந்தால் இன்னும் நல்லது; பிறர் எழுதிய வரிகள் உங்கள் வரிகளுக்குள் வந்து கலக்காது.

இரண்டாம் படி: நினைவிலிருந்து குறியுங்கள்

படத்தை மறுபடி போடாமல், புத்தகத்தைத் திறக்காமல், ஒரு தாளில் நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதுங்கள். ஒரு முகம், ஒரு வசனம், பாட்டின் நடுவில் வரும் ஓர் இடைவெளி, ஒரு பத்தி. முழு வாக்கியமாக இருக்கத் தேவையில்லை. 15 நிமிடம் போதும். இந்த வேலை முடியும்வரை யாருடைய விமர்சனத்தையும் படிக்காதீர்கள். முதலில் வந்து விழுந்த மூன்று நான்கு குறிப்புகளுக்குள்தான் உங்கள் கட்டுரை இருக்கிறது.

மூன்றாம் படி: அந்த இடத்துக்குத் திரும்புங்கள்

அதிக நேரம் இதற்குத்தான் செலவாக வேண்டும். குறித்த இடத்தை மட்டும் எடுத்து, அங்கே என்ன நடக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள்.

படம் என்றால், பாராட்டு யாருக்குச் சேர வேண்டும் என்று யோசியுங்கள். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் கூலெஷோவ் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி எதையும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை ஒருமுறை சூப் கிண்ணத்தோடும் ஒருமுறை சவப்பெட்டியோடும் அடுத்தடுத்து ஒட்டிக் காட்டினார். முகம் ஒன்றுதான். பார்த்தவர்களோ பசியையும் துயரத்தையும் அவர் அழகாக நடித்ததாகப் புகழ்ந்தார்கள் என்று சினிமா வரலாறு சொல்கிறது. ஆகவே "நடிப்பு பிரமாதம்" என்று எழுதும் முன், அந்தக் காட்சிக்கு முன்னும் பின்னும் எது வருகிறது, கேமரா எவ்வளவு நேரம் முகத்தில் நிற்கிறது, பின்னணி இசை எங்கே நின்றுபோகிறது என்று பாருங்கள். ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஆல்பத்தில் பலரும் தவறவிடுவது பாடல்களின் வரிசை. 1948-இல் அறிமுகமான எல்பி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 நிமிடம்தான் வசதியாக அடங்கும். தட்டின் மையத்தை நெருங்க நெருங்க ஒலியின் தரமும் குறையும். அதனால் ஆரவாரமான பாடல்களை விளிம்பருகே தொடக்கத்திலும், மென்மையானவற்றை ஒவ்வொரு பக்கத்தின் இறுதியிலும் வைக்கும் வழக்கம் இருந்தது. பழைய ஆல்பத்தில் நடுவில் ஒரு பாடல் திடீரென்று அடங்கி, அடுத்தது துள்ளி எழுந்தால், தட்டைத் திருப்பிப் போட்ட இடமாக அது இருக்கலாம். இப்படிப்பட்ட கவனிப்பு ஒன்று போதும், படிப்பவர் அந்த ஆல்பத்தை வேறு காதோடு கேட்பார்.

புத்தகத்துக்குக் கதைசொல்லியைப் பிடித்துக்கொள்ளுங்கள். யார் சொல்கிறார்? அவருக்குத் தெரியாதது எது? எதைச் சொல்லாமல் நழுவுகிறார்? மொழிபெயர்ப்பு நூல் என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். நீங்கள் ரசித்த வாக்கியத்தைத் தமிழில் அமைத்தவர் அவர்.

நான்காம் படி: பார்த்ததை முதலில், உணர்ந்ததை அடுத்து

ஒரு கற்பனைப் படத்தை எடுத்துக்கொள்வோம். "தாய்ப் பாசத்தை உருக்கமாகக் காட்டியிருக்கிறார்கள்" என்பது தொடக்க வரைவு. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "மகன் புறப்பட்ட பிறகு தாய் அவன் சாப்பிட்ட தட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழாயடியில் நிற்கிறாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, அவள் கழுவவில்லை. இசையும் இல்லை. அந்த ஓசையை என்னால் தாங்க முடியவில்லை." உருக்கம் என்ற சொல் இதில் எங்கும் இல்லை. படிப்பவர் தானே அதை உணர்ந்துகொள்கிறார்.

கதைச் சுருக்கம் மூன்று வாக்கியத்துக்கு மேல் போக வேண்டாம். முடிச்சை அவிழ்த்தே ஆக வேண்டுமென்றால் முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: உறுத்தியதையும் சொல்லுங்கள்

உயிராக நேசிக்கும் படைப்பிலும் இழுவையான ஓர் அத்தியாயம், ஒட்டாத ஒரு பாடல் இருக்கும். அதை மறைக்காமல் எழுதினால் உங்கள் பாராட்டின் மேல் நம்பிக்கை கூடும். இதற்கும் அதே விதிதான்: எந்த இடம் என்று காட்டுங்கள். படைப்பை விமர்சியுங்கள், அதை ரசிப்பவர்களை வேண்டாம்.

ஆறாம் படி: உரக்கப் படித்துத் திருத்துங்கள்

பழைய இலக்கண நூலான நன்னூல், ஒரு நூலில் இருக்கக் கூடாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. இந்த வகை எழுத்துக்கு அதைவிடக் கச்சிதமான சரிபார்ப்புப் பட்டியலை நான் பார்த்ததில்லை. குறிப்பாக நான்கைக் கவனியுங்கள். "இதைப்போல் உலகத்திலேயே கிடையாது" என்பது மிகைபடக் கூறல். அதே புகழ்ச்சியை மூன்று பத்தியில் சொல்வது கூறியது கூறல். படத்தைப் பற்றித் தொடங்கி நாயகனின் சொந்த வாழ்க்கைக்குப் போய்விடுவது மற்றொன்று விரித்தல். வேகமாகத் தொடங்கி, "மொத்தத்தில் நல்ல படம்" என்று வலுவிழந்து போவது சென்று தேய்ந்து இறுதல். கடைசிப் பத்தியில் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை என்றால் அதை வெட்டிவிடுங்கள்.

எழுதியதை முதலில் ஒரே ஒரு நண்பருக்குக் கொடுங்கள். அவர் உடன்படவில்லை என்றால் வாதாட வேண்டாம், "உங்களுக்கு எந்த இடத்தில் ஒட்டவில்லை?" என்று கேளுங்கள். அவர் காட்டும் இடத்தை மறுபடி பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் ஒரு பத்தியைச் சேருங்கள். கீழே தேதியைப் போட்டு வையுங்கள். சில ஆண்டுகள் கழித்து அதே படைப்பைப் பற்றி எழுதும்போது, முதல் வரைவைப் பார்க்காமல் இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள்.