சாயங்கால லோ வோல்டேஜுக்கும் ஐப்பசி இடிக்கும் தாங்கும் 12 வோல்ட் பவர் சப்ளை: படிப்படியாக

ஐப்பசியில் ஆரியங்காவு மலைப் பக்கம் மதியத்துக்கு மேல் இடி உருள ஆரம்பித்தால், மறுநாள் காலையில் செங்கோட்டையில் என் மேசைக்கு இரண்டு மூன்று எலிமினேட்டர்கள் (கரண்டை ரேடியோவுக்கு வேண்டிய டிசியாக மாற்றித் தரும் பெட்டிகள்) வந்துவிடும். மலையாளிகள் அதைத் துலாவர்ஷ இடி என்பார்கள். போன வருடம் மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சேட்டன் தன் பழைய ரேடியோவைக் கொண்டுவந்தார். சப்ளையில் வோல்டேஜை 12-இல் நிறுத்தும் ரெகுலேட்டர் ஐசியான 7812 ஷார்ட் ஆகி, 12 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 20 வோல்ட் போயிருந்தது. ரேடியோவின் ஆடியோ ஐசி கருகிவிட்டது. ஃபியூஸ் மட்டும் போகாமல் இருந்தது. அந்தச் சப்ளையில் இல்லாத ஒரு சின்னச் சர்க்யூட்டையும் சேர்த்து இன்று செய்யப்போகிறோம்.

முதலில் ஒரு கண்டிப்பு. 230 வோல்ட் பக்கம் உயிரோடு விளையாடுவது. பிளக்கைக் கழற்றாமல் எதையும் தொடாதீர்கள். சாலிடரிங்கில் ஓரளவு கை பழகியவராக இருந்தாலும், முதல் தடவை விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: மெயின்ஸ் பக்கம்

15 வோல்ட், 1 ஆம்பியர் ட்ரான்ஸ்பார்மர் போதும். பேஸ் வயரில் 250 மில்லி ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ் போடுங்கள். ஃபியூஸுக்குப் பிறகு, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே 275 வோல்ட் எம்ஓவி ஒன்று. சாதாரண நேரத்தில் அது சும்மா இருக்கும். லைனில் திடீரென்று உயர்ந்த வோல்டேஜ் வந்தால் அதைத் தன் வழியாகக் கடத்திவிடும்; தாங்க முடியாத அளவு வந்தால் ஃபியூஸையும் கூட்டிக்கொண்டு போய்விடும். நேரடி மின்னலுக்கு அது காவல் இல்லை. இடி கேட்டால் பிளக்கைக் கழற்றுவதுதான் வழி.

படி 2: ஏசியை டிசி ஆக்குவது

நான்கு 1என்4007 டயோடுகளைப் பிரிட்ஜாகக் கட்டுங்கள். பிறகு 4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கெபாசிட்டர். 25 வோல்ட் கெபாசிட்டர் மலிவு என்று வாங்க வேண்டாம். லோடு இல்லாதபோது ட்ரான்ஸ்பார்மர் 15-க்கு மேலேயே தரும். ராத்திரி பத்து மணிக்கு மேல் லைனும் 250-ஐத் தொடும். அப்போது 25 வோல்ட் கெபாசிட்டர் விளிம்பில் நிற்கும்.

சரி, இங்கே எத்தனை வோல்ட் வரும்? 15-ஐ 1.414-ஆல் பெருக்கினால் சுமார் 21. இரண்டு டயோடுகள் 1.4-ஐ எடுத்துக்கொள்ளும். மீதி 20-க்குக் கொஞ்சம் கீழே.

படி 3: ரெகுலேட்டர்

7812-இன் எழுத்து உங்களைப் பார்த்தபடி பிடித்தால் இடது கால் உள்ளே வருவது, நடுக்கால் கிரவுண்டு, வலது கால் வெளியே போவது. இடது காலுக்கும் கிரவுண்டுக்கும் 0.33 மைக்ரோஃபாரட், வலது காலுக்கும் கிரவுண்டுக்கும் 0.1 மைக்ரோஃபாரட், இரண்டையும் கால்களுக்கு ஒட்டியே வையுங்கள். பெரிய கெபாசிட்டரிலிருந்து இடது காலுக்கு வரும் வயரில் 1 ஆம்பியர் ஃபாஸ்ட் ஃபியூஸ் ஒன்று. அது ஏன் என்று படி 5-இல் தெரியும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைப் புளியரை வயலை வைத்துச் சொல்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் ஏறும், இறங்கும். மடையில் நிற்பவர் வயலில் நட்ட அளவுகோலைப் பார்த்து, கூடினால் அடைப்பார், குறைந்தால் திறப்பார். 7812-க்குள் அந்த அளவுகோல்தான் ரெஃபரன்ஸ் வோல்டேஜ். பார்க்கிறவர் எரர் ஆம்ப்ளிஃபயர். மடை ஒரு பவர் ட்ரான்சிஸ்டர். லைன் வோல்டேஜ் மாறினாலும், லோடு கூடிக் குறைந்தாலும் வெளியே 12 வோல்ட் நிற்பது இதனால்தான்.

ஆனால் வாய்க்காலே வயல் மட்டத்துக்கு இறங்கிவிட்டால், மடையை முழுக்கத் திறந்தும் பயன் இல்லை. 7812-க்கு உள்ளே வரும் வோல்டேஜ் வெளியே போவதைவிட 2 வோல்ட்டாவது கூடுதலாக, அதாவது 14 வோல்ட்டாவது இருக்க வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு லைன் 180-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ட்ரான்ஸ்பார்மர் தருவது 11.7 வோல்ட்தான். கெபாசிட்டரில் உச்சம் 15 வோல்ட். 0.4 ஆம்பியர் இழுத்தால், ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் நடுவில் கெபாசிட்டர் கொஞ்சம் வடியும். எவ்வளவு வடியும் என்பதைக் கரண்டை 100-ஆலும் (நொடிக்கு நூறு அரைச் சுற்று) ஃபாரட் கணக்கில் கெபாசிட்டர் அளவாலும் வகுத்துக் கண்டுபிடிக்கலாம்: 2200-க்கு 1.8 வோல்ட், 4700-க்கு 0.9 வோல்ட். ஆக 2200 போட்டால் அடிமட்டம் 13.2, ரேடியோவில் ஹம் கேட்கும். 4700 போட்டால் 14.1, மயிரிழையில் தப்பும். ரேடியோ உர்ர்ர் என்றால் ரெகுலேட்டரை மாற்றும் முன் லைன் வோல்டேஜைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதற்குத்தான்.

அப்புறம், 18 வோல்ட் ட்ரான்ஸ்பார்மர் போட்டால் பிரச்சினை தீருமே என்று தோன்றும். தீரும், ஆனால் சூடு ஏறும். உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கரண்டால் பெருக்கினால், 7812 சூடாக்கி வீணடிக்கும் வாட் வரும். 15 வோல்ட் ட்ரான்ஸ்பார்மரில் சுமார் 3 வாட், 18-இல் 5 வாட்டுக்குப் பக்கம். 3 வாட்டுக்கே நல்ல ஹீட்சிங்க் வேண்டும். தெர்மல் பேஸ்ட் தடவி இறுக்குங்கள்.

படி 4: திரும்பிப் பாயும் கரண்டுக்கு ஒரு டயோடு

வலது காலிலிருந்து இடது காலுக்கு ஒரு 1என்4007, கோடு உள்ள முனை இடது கால் பக்கம். உள்ளே வரும் பக்கம் ஷார்ட் ஆனால், வெளிப்பக்கக் கெபாசிட்டரில் தேங்கிய கரண்டு 7812 வழியாகப் பின்னால் பாயாமல் இதன் வழியே போய்விடும்.

படி 5: ரேடியோவைக் காப்பது

7812-க்குள்ளேயே இரண்டு பாதுகாப்பு உண்டு. வெளியே ஷார்ட் ஆனால் கரண்டை அடக்கும்; அளவு மீறிச் சூடானால் தானே அணையும். ரெகுலேட்டர் சில்லுக்குள்ளேயே இவற்றைக் கொண்டுவந்த முன்னோடி எல்எம்109, வடிவமைத்தவர் பாப் விட்லர். அருமையான வேலை. ஆனால் இவை இரண்டும் காப்பது அந்த ஐசியை. அதன் உள் ட்ரான்சிஸ்டரே ஷார்ட் ஆகிவிட்டால், ரேடியோவைக் காக்க அதற்குள் எதுவும் இல்லை. சேட்டனின் ரேடியோவுக்கு நடந்தது அதுதான்.

இதற்குத்தான் க்ரோபார் சர்க்யூட். பிடி151 எஸ்சிஆரின் (கேட் என்ற காலில் சிறு கரண்ட் வந்தால் கடத்தத் தொடங்கும் சுவிட்ச்) ஆனோடை 7812-இலிருந்து வெளியே போகும் 12 வோல்ட் லைனிலும், கேத்தோடைக் கிரவுண்டிலும் சேருங்கள். 13 வோல்ட், 1 வாட் ஸீனர் டயோடின் (குறித்த வோல்டேஜைத் தாண்டினால் பின்பக்கமாகவும் கடத்தும் டயோடு) கோடு உள்ள முனை 12 வோல்ட் லைனில், மறுமுனை எஸ்சிஆரின் கேட்டில். கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் 100 ஓம், அதற்குப் பேரலலாக 0.1 மைக்ரோஃபாரட். இந்தக் கெபாசிட்டர் இல்லாவிட்டால் சுவிட்ச் போடும் சின்ன அதிர்வுக்கெல்லாம் எஸ்சிஆர் விழித்துக்கொள்ளும்.

இந்த 12 வோல்ட் லைன் ஏறக்குறைய 14 வோல்ட்டைத் தொட்டால் ஸீனர் கடத்தும், எஸ்சிஆர் பற்றிக்கொள்ளும், வெளியே போகும் லைன் அப்படியே கிரவுண்டோடு ஒட்டிக்கொள்ளும். எஸ்சிஆர் ஒருமுறை பற்றினால் கரண்டு நிற்கும்வரை விடாது. கெபாசிட்டரில் உள்ள கரண்டெல்லாம் ஷார்ட் ஆன 7812 வழியாகப் பாய்ந்து படி 3-இல் போட்ட 1 ஆம்பியர் ஃபியூஸை எரித்துவிடும். ரேடியோ பிழைத்தது.

படி 6: சோதனை

க்ரோபாரைச் சோதிக்காமல் நம்பாதீர்கள். 7812-ஐயும் படி 4 டயோடையும் இன்னும் மாட்டாமல், இடது கால் துளைக்கும் வலது கால் துளைக்கும் நடுவே, பைக்கில் போடும் 12 வோல்ட் 5 வாட் பல்பு இரண்டை வரிசையாக இணையுங்கள். கரண்ட் கொடுத்தால் இரண்டும் எரிந்து, நிலையாக நிற்க வேண்டும். வெளியே மீட்டர் 1 வோல்ட் அளவு காட்டினால் எஸ்சிஆர் பிடித்துவிட்டது. பல்பு மினுங்கவே இல்லை, மீட்டர் 13-க்கு மேல் காட்டுகிறது என்றால் எஸ்சிஆர் தலைகீழாக இருக்கிறது.

பிறகு பிளக்கைக் கழற்றி, பெரிய கெபாசிட்டரை 1000 ஓம் ரெசிஸ்டரால் அரை நிமிடம் வடியவிட்டு, 7812-ஐயும் டயோடையும் மாட்டுங்கள். வெளியே ஒரு பல்பை மட்டும் லோடாகப் போட்டு, சாயங்காலம் ஏழு மணிக்கு அளந்து பாருங்கள். 11.5-க்கும் 12.5-க்கும் நடுவே நின்றால் ரேடியோவை இணைக்கலாம்.

என்றாவது அந்த 1 ஆம்பியர் ஃபியூஸ் போனால், அவசரப்பட்டு வேறு ஃபியூஸ் போட வேண்டாம். 7812-இன் இடது காலுக்கும் வலது காலுக்கும் நடுவே இரு பக்கமும் மாற்றி மீட்டரை வைத்துப் பாருங்கள். இரு பக்கமும் ஷார்ட் காட்டினால் 7812 போயிருக்கும், அல்லது குறுக்கே உள்ள டயோடு போயிருக்கும். அதை மாற்றிய பிறகே புது ஃபியூஸ்.